கணிதக் குறியீட்டு அட்டைப் பெட்டி: நான்கு மாதம் புழங்கிய பிறகு

வாங்கிய வாரமே எழுதியிருந்தால் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன். இரண்டாம் மாதம் எழுதியிருந்தால் இரண்டு. இப்போது மூன்றரை. அந்த மூன்றரையை 3½ என்று எழுதியதே எங்கள் வீட்டில் ஒரு சண்டையில் போய் முடிந்தது, அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் பொருள் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பள்ளிக் கணிதத்தில் வரும் குறியீடுகள், ஓர் அட்டைக்கு ஒன்று. மொத்தம் 108 அட்டை. பச்சை ஓரம் ஐந்தாம் வகுப்பு வரை, நீலம் ஆறிலிருந்து பத்து, ஆரஞ்சு பதினொன்றும் பன்னிரண்டும். முன்பக்கம் குறியீடு பெரிதாக இருக்கும். பின்பக்கம் பெயர், வாய்விட்டு வாசிக்கும் முறை, ஓர் எடுத்துக்காட்டு, கடைசியில் அது யாரால் எப்போது வந்தது என்று ஒரு வரி. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இந்த மாதிரிப் பெட்டிகளைப் பல பேர் போடுகிறார்கள், ஒன்றைப் பார்த்து ஒன்று அச்சடித்த மாதிரிதான் இருக்கின்றன, அதனால் எதை வாங்கினாலும் நான் சொல்லும் இடங்களைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

வீட்டில் பெரியவள் பதினொன்றாம் வகுப்பு, சின்னவன் நான்காம் வகுப்பு. பெரியவளுக்குக் கணக்கு வரும், ஆனால் பாடப்புத்தகத்தில் ஒரு வரியை வாசி என்றால் வராது. ஒருநாள் பல எண்களின் கூடுதலைக் குறிக்கும் Σ (சிக்மா) வந்த இடத்தில் "அந்தக் கோணல் ஈ போட்டு…" என்று இழுத்தாள். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, இவள் இந்தக் குறிகளைப் படமாகப் பார்க்கிறாளே தவிர வாக்கியமாக வாசிக்கவில்லை. அதற்காகத்தான் வாங்கினேன், அந்த வகையில் பெட்டி ஏமாற்றவில்லை.

ஏனென்றால் இதில் உருப்படியான பகுதி அந்த வாசிக்கும் முறைதான். யாரோ தமிழில் யோசித்து எழுதியிருக்கிறார்கள். பின்ன அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ¾ என்பதை நாம் எப்படிச் சொல்வோம்? "நான்கில் மூன்று". வாய் பகுதியை முதலில் சொல்கிறது, கை தொகுதியை முதலில் எழுதுகிறது. சின்னவன் பல மாதமாக "மூன்றில் இரண்டு" என்று சொல்லிக்கொண்டே மூன்றை மேலே, இரண்டைக் கீழே எழுதிக்கொண்டிருந்தான், நான் அவனைக் கவனக்குறைவு என்று திட்டிக்கொண்டிருந்தேன். அட்டையில் "கீழிருந்து மேலே வாசி" என்று ஓர் அம்புக்குறி. அவ்வளவுதான், இரண்டு நாளில் சரியாகிவிட்டது. பாவம், காதில் விழுந்த வரிசைப்படிதான் எழுதியிருக்கிறான்.

இது பின்னத்தோடு நிற்கவில்லை. √9 என்று எழுதும்போது குறி முதலில் வரும், வாசிக்கும்போது "ஒன்பதின் வர்க்கமூலம்" என்று பெயர் கடைசியில் வரும். Σ-வும் அப்படியே: "ஒன்று முதல் பத்து வரையிலான எண்களின் வர்க்கங்களின் கூடுதல்" என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகுதான் 'கூடுதல்' வாயில் வருகிறது, தாளிலோ அதுதான் முதலில் நிற்கிறது. நம் மொழியில் வினை கடைசியில் வரும், குறியீட்டில் என்ன செய்யவேண்டும் என்பது பெரும்பாலும் முன்னால் வந்துவிடும். இதை எனக்கு எந்த வகுப்பிலும் யாரும் சொல்லித் தந்ததில்லை. இந்தப் பெட்டியும் நேரடியாகச் சொல்லவில்லை, ஆனால் இருபது அட்டை வாசித்தால் தானாகப் பிடிபடுகிறது. பெரியவள் இப்போது Σ வந்தால் முதலில் கீழே பார்க்கிறாள், அப்புறம் மேலே, அப்புறம் பக்கத்தில், கடைசியில் "கூடுதல்" என்று முடிக்கிறாள். கோணல் ஈ போய்விட்டது.

சரி, இனி வயிற்றெரிச்சல்.

பச்சைப் பெட்டியின் ஐந்தாவது அட்டை, = குறி. பெயர் 'சமக்குறி', சரி. பொருள்: "விடை வரும் இடம்". இதைப் படித்ததும் அட்டையைக் கிழித்துப் போடலாமா என்று இருந்தது. சின்னவனிடம் 8 + 4 = □ + 5 என்று எழுதிக் கொடுத்தேன், கட்டத்தில் 12 போட்டான். ஏன்டா என்றால் "எட்டும் நாலும் பன்னிரண்டு, விடை வரும் இடம்னு போட்டிருக்கே" என்கிறான். அவன் மேல் என்ன தப்பு? அவனைப் பொறுத்தவரை சமக்குறி என்பது கால்குலேட்டரில் அமுக்கும் பொத்தான். இரண்டு பக்கமும் ஒரே எடை என்ற எண்ணம் உள்ளே போகவே இல்லை. கட்டத்தில் 7 வந்தால்தான் தராசு நேராக நிற்கும்.

இதில் வேடிக்கை, அதே அட்டையின் கடைசி வரியில் வரலாறு சரியாகவே இருக்கிறது. ராபர்ட் ரெக்கார்ட் 1557-இல் இந்தக் குறியைப் போட்டபோது, ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிடச் சமமான இரண்டு பொருள் வேறு இருக்க முடியாது என்பதைத்தான் காரணமாகச் சொன்னார். மேலே "விடை வரும் இடம்", கீழே இணைகோடு. எழுதியவர் தன் அட்டையைத் தானே வாசிக்கவில்லை போலிருக்கிறது. இந்தப் பழக்கம் சின்ன வகுப்போடு போய்விடும் என்று நினைக்காதீர்கள், பெரியவளின் ரஃப் நோட்டில் இன்றைக்கும் 3 + 4 = 7 × 2 = 14 − 5 = 9 என்று ரயில் பெட்டி மாதிரி கோத்து வைத்திருக்கிறாள். கடைசி விடை சரி, ஆனால் வாசித்துப் பார்த்தால் மூன்றும் நான்கும் கூட்டினால் பதினான்கு என்று சொல்கிறது. ஏழாம் வகுப்பில் சமன்பாடு வரும்போது பிள்ளைகள் ஏன் தடுமாறுகிறார்கள் என்பதற்கு இந்த ஒரு வரியே எனக்குப் போதும்.

அடுத்தது − குறி. பச்சையில் ஓர் அட்டை, 'கழித்தல்'. நீலத்தில் வேறு அட்டை வரும் என்று தேடினேன், இல்லை. அந்தச் சின்னக் கோட்டுக்கு மூன்று வேலை இருக்கிறது: 7 − 3 என்றால் கழி, −3 என்றால் குறை எண், எக்ஸுக்கு முன்னால் வந்தால் 'அதற்கு எதிர்மறை'. மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்க்கும், ஏனென்றால் எக்ஸ் ஏற்கெனவே குறை எண்ணாக இருந்தால், முன்னால் மைனஸ் இருந்தும் மதிப்பு மிகை எண்ணாகிவிடும். −3² எவ்வளவு என்று உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். புத்தக வழக்கப்படி அடுக்கு முதலில், ஆகவே −9. ஆனால் அலுவலகங்களில் நிறையப் பேர் வைத்திருக்கும் ஒரு விரிதாள் மென்பொருளில் இதையே சூத்திரமாகத் தட்டினால் 9 வரும். இப்படி ஒரு குறி இருக்கையில் அதற்கு ஒரே ஓர் அட்டையா?

நட்சத்திரச் சண்டைக்கு வருகிறேன். 3½ என்று எழுதினேன் அல்லவா, பெரியவள் எட்டிப் பார்த்துவிட்டு, "மூணுக்குப் பக்கத்துல அரை இருந்தா பெருக்கல்தானே, ஒன்றரைதானே வரணும்" என்றாள். விளையாட்டுக்குத்தான், ஆனால் யோசித்தால் நியாயம். 35 என்றால் முப்பதும் ஐந்தும், கூட்டல். 3½ என்றால் மூன்றும் அரையும், அதுவும் கூட்டல். மூன்றுக்குப் பக்கத்தில் எக்ஸ் எழுதினால் மட்டும் திடீரென்று பெருக்கல்! குறி எதுவும் போடாமல் சும்மா பக்கத்தில் எழுதுவதும் ஒரு குறியீடுதான், வகுப்புக்கு வகுப்பு அர்த்தம் மாறும் குறியீடு. 108 அட்டையில் அதற்கு ஓர் அட்டை இல்லை. ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளை, எக்ஸின் மதிப்பு 5 என்றதும் மூன்று எக்ஸ் என்பதை 35 என்று எழுதினால், அது மக்குத்தனம் இல்லை, ஐந்து வருடமாகப் படித்த விதியைத்தான் பின்பற்றுகிறது.

இன்னொரு விடுபடல். ÷ குறி பச்சையில் இருக்கிறது, யோகான் ரான் 1659-இல் அச்சிட்டது என்ற வரியோடு. நீலத்திலும் ஆரஞ்சிலும் அதைக் காணோம், காரணமும் சொல்லவில்லை. சின்னவன் அக்காவின் புத்தகத்தைப் புரட்டிவிட்டு "இதுல வகுத்தலே இல்லையா, ஈஸி" என்று சந்தோஷப்பட்டான். இருக்கிறது கண்ணா, படுக்கைக் கோடாக மாறி உட்கார்ந்திருக்கிறது. பின்னக்கோடும் வகுத்தல் குறியும் ஒரே ஆள்தான், ÷ குறியின் மேலும் கீழும் இருக்கும் புள்ளிகளைத் தொகுதியும் பகுதியுமாகப் பார்த்தால் போதும். கணிதக் குறிகளுக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 80000-2-கூட வகுத்தலுக்கு ÷ வேண்டாம் என்றுதான் சொல்கிறது. இந்த ஒரு வரியை நீல அட்டையில் போட்டிருக்கலாம்.

ஆரஞ்சு அட்டைகளை வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள், சத்தியமாக. வகுப்பில் நின்று பாடம் நடத்திய ஆள் எழுதியது மாதிரி இருக்கிறது. சிலவற்றில் சிவப்புக் கட்டம் கட்டி 'ஏமாறாதே' என்று போட்டிருக்கிறார். சைனுக்கு மேலே −1 போட்டால் அது 'ஒன்றின் கீழ் சைன்' இல்லை, சைனின் நேர்மாறு. ஆனால் அதே இடத்தில் 2 போட்டால் சைனின் வர்க்கம்! ஒரே இடம், ஒரே அளவு எழுத்து, இரண்டு நியாயம். ஜான் ஹெர்ஷல் 1813-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த எழுத்துமுறை, இன்றுவரை பிள்ளைகள் மதிப்பெண்ணை இழந்துகொண்டிருக்கிறார்கள். அதேபோல் (2, 5) என்பது ஒரு பக்கத்தில் தளத்தில் உள்ள புள்ளி, இன்னொரு பக்கத்தில் இரண்டுக்கும் ஐந்துக்கும் இடைப்பட்ட திறந்த இடைவெளி. இரண்டையும் ஒரே அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து காட்டியிருக்கிறார். பெட்டி முழுக்க இப்படி இருக்கவேண்டும் என்றுதான் நான் கேட்கிறேன். தொகையீட்டுக் குறியான ∫ அட்டையும் அருமை: லைப்னிட்ஸ் 1675-இல் எழுதிய நீட்டி வைத்த எஸ், லத்தீனில் 'கூடுதல்' என்பதன் முதல் எழுத்து, Σ-வும் கிரேக்க எஸ்தான். "ரெண்டுமே கூட்டறதுதானா!" என்று பெரியவள் கேட்டது எனக்குக் கொடுத்த பணம் வசூலான நிமிடம்.

தப்புகளும் உண்டு. நீலத்தில் √9 = ±3 என்று அச்சாகியிருக்கிறது, தப்பு. வர்க்கம் ஒன்பது வரும் எண்கள் இரண்டு, ஆனால் அந்தக் குறி தருவது 3 மட்டும், மற்றது வேண்டுமானால் நாம்தான் முன்னால் மைனஸ் போடவேண்டும். ∞ அட்டையில் 1 ÷ 0 = ∞ என்று எடுத்துக்காட்டு, அதைப் பேனாவால் அடித்துவிட்டேன். பள்ளிக் கணக்கில் பூச்சியத்தால் வகுப்பதற்கு அர்த்தமே கிடையாது. பை குறியை ஆர்க்கிமிடீஸ் கொடுத்தார் என்று ஒரு வரி. அவர் அதன் மதிப்பை நெருங்கிக் கணக்கிட்டார், உண்மைதான், அந்த எழுத்தை இந்தப் பொருளில் போட்டவர் 1706-இல் வில்லியம் ஜோன்ஸ், ஊரறியச் செய்தவர் ஆய்லர்.

அச்சைப் பற்றி ஒரு வார்த்தை. அட்டை கெட்டியாக இருக்கிறது, மூலை மடங்கவில்லை, சின்னவன் கையில் நான்கு மாதம் தாங்கியதே பெரிய விஷயம். ஆனால் நீல அட்டைகளில் பெருக்கல் குறியும் எக்ஸ் எழுத்தும் அசப்பில் ஒன்றுதான். 1698-இலேயே லைப்னிட்ஸ், யோகான் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் இந்தக் குழப்பத்துக்காகத்தான் × பிடிக்கவில்லை, புள்ளி போதும் என்றார். இவர்களும் சில அட்டைகளில் புள்ளி வைத்திருக்கிறார்கள், அது தசமப் புள்ளியா பெருக்கலா என்று தெரியாத உயரத்தில். 3·5 என்றால் மூன்றரையா பதினைந்தா? இரண்டு குழந்தைகளும் இரண்டு விடை சொன்னார்கள். கியூஆர் குறியை ஸ்கேன் செய்தால் உச்சரிப்பு கேட்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது, எனக்குப் பாதி அட்டைக்கு வெறும் வெள்ளைத் திரைதான் வந்தது.

யார் வாங்கலாம்? ஒன்பதாம் வகுப்புக்கு மேல் பிள்ளை இருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள், ஆரஞ்சுக்காகவே. நீலம் பரவாயில்லை, பக்கத்தில் திருத்தத் தெரிந்த ஒருவர் வேண்டும். சின்ன வகுப்புக்கு மட்டும் என்றால் பச்சைக்காக வாங்கவே வேண்டாம், பின்ன அட்டையையும் <, > அட்டையையும் நீங்களே பழைய காலண்டர் அட்டையில் எழுதிக் கொடுக்கலாம். அந்த < அட்டையில் "பெரிய எண்ணைத் தின்னும் வாய்" என்ற பழைய தந்திரம் இல்லாததற்கு என் தனி நன்றி, ஏனென்றால் −5-க்கும் −2-க்கும் நடுவே அந்த வாயை எந்தப் பக்கம் திறப்பது என்று கேட்டால் பிள்ளை ஐந்தின் பக்கம்தான் திறக்கும்.

பெட்டியின் அடியில் ஆறு வெற்று அட்டை இருக்கிறது, உதிரிக்காக. ஒன்றில் "சும்மா பக்கத்தில் எழுதுவது" என்று தலைப்புப் போட்டு 35, 3½, மூன்று எக்ஸ் மூன்றையும் பெரியவள் எழுதினாள். மைனஸுக்கு இரண்டு போயிற்று. சமக்குறிக்குச் சின்னவன் தராசு வரைந்தான், தட்டு கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, அழித்து மறுபடி வரையச் சொல்லியிருக்கிறேன். இன்னும் இரண்டு பாக்கி.