ஹாலாங் விரிகுடா கப்பல் பயணம்: படகின் பதிவு எண் தெரியாமல் பணம் கட்டாதீர்கள்

வியட்நாமின் ஹாலாங் விரிகுடாவில் இரவு தங்கிச் செல்லும் சிறு கப்பல் பயணத்துக்கு யாராவது பணம் கட்டப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். சென்ற நவம்பரில் நாங்கள் ஒரு கப்பலுக்குப் பணம் கட்டினோம். ஏற்றிச் சென்றது வேறு கப்பல். பார்க்கப் போவதாகச் சொன்ன இடம் ஒன்று, காட்டியது இன்னொன்று. கேட்டதற்கு விற்றவர் கப்பல்காரரைக் கை காட்டினார், கப்பல்காரர் விற்றவரைக் கை காட்டினார். ஒரு டாங் (வியட்நாம் பணம்) கூட இதுவரை திரும்பி வரவில்லை.

போனது நான், கணவர், என் அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, படி ஏறுவது சிரமம். அதனால்தான் ஹனோய் ஓல்ட் குவார்ட்டரில் இருக்கும் ஒரு ஏஜென்சியோடு வாட்ஸ்அப்பில் பேசும்போதே எல்லாவற்றையும் விவரமாகக் கேட்டுக்கொண்டோம். இரண்டு இரவு, மூன்று பகல். சாப்பாட்டுக் கூடம் இருக்கும் அதே தளத்தில் கேபின். முக்கியமாக லான் ஹா விரிகுடா வழி.

இந்த வழி விஷயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். எல்லோரும் 'ஹாலாங்' என்று ஒரே பேரில் சொன்னாலும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் மூன்று விரிகுடாக்கள் இருக்கின்றன. நடுவில் ஹாலாங், வடகிழக்கே பாய் து லாங், தெற்கே காட் பா தீவை ஒட்டி லான் ஹா. மூன்றிலும் கடலுக்குள்ளிருந்து சுண்ணாம்புப் பாறைகள் செங்குத்தாக எழுந்து நிற்கும். ஆனால் கூட்டம் முக்கால்வாசி நடு ஹாலாங்கில்தான். அங்கே வழக்கமாகக் கூட்டிப்போவது சுங் சோட் குகைக்கும் டிடாப் தீவுக்கும். இரண்டிலும் மேலே போய்ப் பார்க்கப் படி ஏறியே ஆக வேண்டும். டிடாப் உச்சிக்கு மட்டும் 400 படிகளுக்கு மேல். (1962-ல் ஹோ சி மின்னோடு அங்கே வந்த சோவியத் விண்வெளி வீரர் டிடோவின் பெயரைத்தான் அந்தத் தீவுக்கு வைத்திருக்கிறார்கள்.) லான் ஹா பக்கம் கூட்டம் குறைவு. மூங்கில் படகில் உட்காரவைத்து உள்ளூர்க்காரர்களே துடுப்புப் போட்டுக் குகைக்குள் கூட்டிப்போவார்கள். வியட் ஹாய் கிராமத்துக்கு மின்சார வண்டி உண்டு. அம்மாவுக்கு அதுதான் சரிப்படும் என்று தேடிப்பிடித்து, ஆளுக்கு 75 லட்சம் டாங் என்று பேசி முடித்தோம். பாதியைக் கார்டில் முன்பணமாகக் கட்டினோம். மீதியை ஹனோயில் நேரில் ரொக்கமாகக் கேட்டார்கள், கார்டு என்றால் 3 சதவீதம் கூடுதல் என்றார்கள். கொடுத்தோம்.

புறப்படும் அன்று காலை வேன் வந்து, ஹனோயிலிருந்து ஒரு மணி நேரம் போன பிறகுதான் போனில் செய்தி வந்தது. "மேடம், உங்கள் கப்பலில் இன்ஜின் பழுது. அதே தரத்தில் வேறு கப்பல் போட்டிருக்கிறோம்." எந்தக் கப்பல், எந்த வழி என்று கேட்டேன். பதில் இல்லை. துறைமுகத்தில் வழிகாட்டி சொல்வார் என்று வைத்துவிட்டார்கள். நேரம் பார்த்துத்தான் சொல்கிறார்கள் என்பது என் எண்ணம். முந்தின இரவே சொல்லியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்டிருப்போம், வேறு கப்பல் தேடியிருப்போம். பெட்டி படுக்கையோடு நெடுஞ்சாலையில் பாதி தூரம் வந்தவர்களால் என்ன செய்ய முடியும்? ஹனோய் அறையையும் காலி செய்தாயிற்று.

துவான் சாவ் துறைமுகத்தில் இறங்கியதும் வழிகாட்டி ஆளுக்கொரு டிக்கெட் கொடுத்தார். வாங்கிப் பார்த்தால் நடு ஹாலாங் வழி. சுங் சோட், டிடாப், அவ்வளவுதான். லான் ஹா என்று எழுதிய வவுச்சரைக் காட்டினேன். அவர் அதை முன்பின் பார்த்ததே இல்லை. அங்கிருந்தே ஏஜென்சிக்குப் போன் போட்டேன். வந்த பதிலை அப்படியே எழுதுகிறேன்: "இரண்டும் ஒரே உலகப் பாரம்பரியச் சின்னம்தானே மேடம், என்ன வித்தியாசம்?" ஹாலாங்கை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது 1994-ல். காட் பா தீவுக்கூட்டத்தையும் அதோடு இணைத்து விரிவாக்கியது 2023-ல். அதனால் காகிதத்தில் இரண்டும் ஒன்று என்பது உண்மைதான். ஆனால் நடு ஹாலாங் குவாங் நின் மாகாணத்தில் இருக்கிறது, லான் ஹா ஹை ஃபோங் நகர நிர்வாகத்தில். அனுமதி வேறு, டிக்கெட் வேறு, பார்க்கும் இடங்களும் வேறு. தெரிந்துகொண்டேதான் இப்படிப் பேசுகிறார்கள்.

இவ்வளவு சுலபமாகக் கப்பலை மாற்றுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சுற்றுலாப் படகுகள் எல்லாம் வெள்ளை நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்று 2012-ல் குவாங் நின் நிர்வாகம் உத்தரவு போட்டது. இப்போதும் பெரும்பாலானவை வெள்ளைதான். துறைமுகத்தில் வரிசையாக நிற்கும்போது புதிதாக வருபவருக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். பெயர்களும் அப்படித்தான், ஒரு பெயர் பிரபலமானால் அதோடு ஒரு சொல் சேர்த்து நாலு கப்பல் வந்துவிடும். விளம்பரப் படத்தில் இருக்கும் சிவப்புப் பாய்மரத்தை வைத்தும் அடையாளம் காண முடியாது. அது அநேகமாக அலங்காரத்துக்கு, ஓடுவதெல்லாம் டீசல் இன்ஜினில்தான். படகுக்குப் படகு நிச்சயமாக மாறும் ஒரே விஷயம், உடலில் எழுதியிருக்கும் பதிவு எண். குவாங் நின் படகு என்றால் கியூ.என். என்று தொடங்கும், ஹை ஃபோங் படகு என்றால் எச்.பி.

எங்களுக்குக் கொடுத்த கேபின்கள் கீழ்த்தளத்தில், இன்ஜின் அறைக்கு ஒட்டினாற்போல இருந்தன. இரவு படகு நங்கூரமிட்ட பிறகும் ஏ.சி.க்காக ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். சுவர் அதிர்கிறது, டீசல் வாடை வருகிறது. சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகவே செங்குத்தான இரும்புப் படி. அம்மா ஒவ்வொரு வேளையும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏறினார். "விடு கண்ணு, வந்த இடத்தில் எதுக்கு வம்பு" என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு மனசு ஆறவே இல்லை. பக்கத்து மேசையில் இருந்த ஒரு தம்பதி இதே படகுக்கு, இதே நாட்களுக்கு, ஆளுக்கு 42 லட்சம் டாங் கொடுத்திருந்தார்கள். எங்களிடம் வாங்கிய மீதி 33 லட்சம் எந்தக் கப்பலுக்கு?

பணத்தை விட என்னை உலுக்கியது இன்னொன்று. அம்மாவின் கேபினில் லைஃப் ஜாக்கெட்டே இல்லை. எங்கள் கேபினில் இரண்டு இருந்தன, அதில் ஒன்றின் பட்டை அறுந்திருந்தது. கேட்ட பிறகு கொண்டுவந்து கொடுத்தார்கள், ஆனால் கேட்காமல் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆபத்து வந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கீழ்த்தளத்தின் பின்பக்கக் கதவை உள்ளே பெட்டிகளை அடுக்கி மறித்திருந்தார்கள். இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். 2011 பிப்ரவரியில் இதே விரிகுடாவில், டிடாப் தீவுக்குப் பக்கத்தில் நங்கூரமிட்டிருந்த ஒரு படகு விடியற்காலையில் மூழ்கி, தூக்கத்தில் இருந்தவர்களில் 12 பேர் இறந்தார்கள். 2025 ஜூலை 19 அன்று பிற்பகலில் திடீரென வந்த சூறைக்காற்றில் ஒரு பகல்நேரப் படகு கவிழ்ந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதில் குழந்தைகள் பலர். இவ்வளவு நடந்த கடலில், வயதானவர் படுக்கும் அறையில் ஒரு லைஃப் ஜாக்கெட் வைக்காமல் இருப்பதை நான் அலட்சியம் என்று மட்டும் சொல்ல மாட்டேன். அது குற்றம்.

இரண்டாம் நாள் காலை எங்களை வேறொரு சின்னப் படகுக்கு மாற்றினார்கள். இதில் ஏமாற்று இல்லை. இரண்டு இரவு எடுப்பவர்களைப் பகலில் இன்னொரு படகில் அனுப்பிவிட்டு, பெரிய படகு துறைமுகத்துக்குத் திரும்பிப் புது ஆட்களை ஏற்றி வருவது அங்கே பொதுவான ஏற்பாடு. ஒழுங்கான கப்பல்காரர்கள் இதை முன்கூட்டியே எழுத்தில் தருகிறார்கள். மூன்று பகல் என்பதும் முழுதாக மூன்று பகல் இல்லை. முதல் நாள் நண்பகலில் ஏறி, மூன்றாம் நாள் முற்பகலில் இறங்குவதுதான். எங்களுக்கு எதுவும் சொல்லவில்லை. மாற்றிய படகில் நிழல் போதவில்லை, கழிப்பறைக் கதவுக்குத் தாழ் இல்லை. டிடாப்பில் எல்லோரும் மேலே ஏற, அம்மாவும் நானும் கீழே மணலில் உட்கார்ந்திருந்தோம். கட்டணத்தில் அடங்கியதாகச் சொன்ன கயாக்குக்கு (நாமே துடுப்புப் போடும் சின்னப் படகு) தனியாகப் பணம் கேட்டார்கள்.

சைவச் சாப்பாடு பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை. எழுதி வாங்கியிருந்தும் மூன்று நாளும் சோறும் வேகவைத்த கீரையும்தான், அதிலும் ஒரு வேளை மீன் சாஸ் கலந்திருந்தது. இறங்கும்போது குடிதண்ணீர் பாட்டிலுக்கெல்லாம் பில் வந்தது.

திரும்பி ஹனோய் வந்ததும் நேராக ஏஜென்சிக்குப் போனோம். வாட்ஸ்அப்பில் இனிக்க இனிக்கப் பேசியவர் அங்கே இல்லை. இருந்தவர் சொன்னது: "நாங்கள் டிக்கெட் விற்பவர்கள் மட்டும்தான், கப்பல் மாற்றியது கப்பல் கம்பெனி." கப்பல் கம்பெனிக்கு எழுதினால், "உங்களிடம் நாங்கள் பணம் வாங்கவில்லை, வாங்கியவரிடம் கேளுங்கள்." முதலில் பேசிய கப்பலின் கம்பெனிக்கும் எழுதினேன். அந்தத் தேதியில் எங்கள் பெயரில் முன்பதிவே இல்லை என்று பதில் வந்தது! அப்படியென்றால் இன்ஜின் பழுது என்பதே கதை. முதலிலிருந்தே அந்தக் கப்பலில் எங்களுக்கு இடம் எடுக்கவே இல்லை. விலை உயர்ந்த கப்பலின் படத்தைக் காட்டிப் பணம் வாங்கி, கடைசி நேரத்தில் காலியாக இருக்கும் மலிவுக் கப்பலில் தள்ளிவிடுவதுதான் தொழிலே.

ஆகவே கப்பலில் இடம் இருக்கிறதா என்பதை ஏஜென்சியிடம் மட்டும் கேட்காதீர்கள். கப்பல் கம்பெனியின் சொந்த மின்னஞ்சலுக்கு உங்கள் பெயர், தேதி, கேபின் தளம் மூன்றையும் எழுதி, அவர்களிடமிருந்தே உறுதிக் கடிதம் வாங்குங்கள். அதில் படகின் பதிவு எண்ணும் டிக்கெட் வழியும் இருக்க வேண்டும். கப்பலோ வழியோ மாறினால் முழுப் பணமும் திரும்பும் என்ற வரியையும் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிறார்கள் என்றால் அந்த இடத்திலேயே விட்டுவிடலாம், கப்பல்கள் ஏராளம். வெளிநாட்டுப் பயணிகளுக்குச் சுற்றுலா நடத்த வியட்நாமின் 2017-ஆம் ஆண்டுச் சுற்றுலாச் சட்டப்படி சர்வதேசப் பயணச் சேவை உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் அந்நாட்டுத் தேசியச் சுற்றுலா ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கிறது. கடைப் பலகையில் இருக்கும் பெயரும் ரசீதில் இருக்கும் பெயரும் உரிமத்தில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். எங்கள் விஷயத்தில் மூன்றும் மூன்று.

வானிலையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஜூன் முதல் அக்டோபர் வரை புயல் வரலாம். 2024 செப்டம்பரில் யாகி புயல் இந்தக் கரையைத்தான் தாக்கியது, பல சுற்றுலாப் படகுகள் துறைமுகத்திலேயே மூழ்கின. குளிர்காலத்தில் பனிமூட்டத்துக்காகவும் நிறுத்துவார்கள். படகு போகக்கூடாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டால் எந்தக் கப்பல்காரரும் ஒன்றும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. அப்படி நின்றால் எவ்வளவு திரும்பும் என்பதை மட்டும் முன்கூட்டிக் கேட்டு வையுங்கள். ஆனால் 'வானிலை' என்று சொல்லி உங்களை மட்டும் வேறு கப்பலுக்கு மாற்றினால், மற்ற கப்பல்கள் போகின்றனவா என்று துறைமுகத்தில் நின்று பாருங்கள்.

கார்டில் கட்டிய பாதிப் பணத்துக்கு, சொன்ன சேவை தரப்படவில்லை என்று வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். அவர்கள் கேட்டது இரண்டு விஷயம்: என்ன தருவதாகச் சொன்னார்கள் என்பதற்கு எழுத்து, என்ன தந்தார்கள் என்பதற்குச் சான்று. வாட்ஸ்அப் உரையாடல், வவுச்சர், துறைமுகத்தில் கொடுத்த டிக்கெட், படகின் பதிவு எண் தெரியும் படம், லைஃப் ஜாக்கெட் படம் எல்லாம் அனுப்பியாயிற்று. விசாரணையில் இருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்த பாதிக்கு வங்கியால் எதுவும் செய்ய முடியாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். கார்டுக்கு 3 சதவீதம் கூடுதல் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்கள் இன்றே கப்பல் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, உங்கள் பெயரில் அந்தத் தேதிக்கு இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், கட்டணம் பிடிக்காமல் ரத்து செய்யும் கடைசித் தேதி தாண்டுவதற்குள் ரத்து செய்துவிடுங்கள்.