சரிவு நிற்குமா? துண்டு முறையும் ஃபைனைட் எலிமென்ட்டும்

மலைச்சரிவோ மண் அணையோ, நிற்குமா விழுமா என்று கம்ப்யூட்டரில் பார்க்க இரண்டு வழிகள்தான் அதிகம் புழங்குகின்றன: பழைய துண்டு முறை, ஃபைனைட் எலிமென்ட். பின்னதுதான் துல்லியம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு.

துண்டு முறையில் மண் எந்த வளைவில் வழுக்கும் என்று நாமே ஊகிக்கிறோம். அதற்கு மேலுள்ள மண்ணைச் செங்குத்துத் துண்டுகளாக வெட்டி, தடுக்கும் வலிமையைக் கீழே இழுக்கும் விசையால் வகுத்தால் பாதுகாப்புக் காரணி கிடைக்கும். 1-க்குக் கீழே போனால் சரிவு. பிஷப் என்ற மண் பொறியாளர் 1955-இல் தந்த வடிவம் இன்றும் ஓடுகிறது. மென்பொருள் ஆயிரக்கணக்கான வளைவுகளைச் சடசடவென்று சோதித்து மோசமானதைக் காட்டிவிடும். சந்தேகம் வந்தால் கையாலும் போட்டுப் பார்க்கலாம். அது சின்ன வசதி இல்லை.

ஃபைனைட் எலிமென்ட்டில் வழுக்கும் இடத்தை நாம் சொல்ல வேண்டியதில்லை. மண்ணை வலைபோலப் பிரித்து, அதன் வலிமையைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போகிறோம். கணக்கு எப்போது நிலைகொள்ளாமல் போகிறதோ, அதுவரை எத்தனை மடங்கு குறைத்தோமோ அதுதான் காரணி. எங்கே எவ்வளவு நகரும் என்பதும் தெரியும். சரி, விடை மாறுகிறதா? சாதாரண மண்ணுக்குப் பெரும்பாலும் இல்லை. இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் தருகின்றன. வண்ணப்படம் மட்டும் அழகாக இருக்கும்.

உண்மையான வித்தியாசம் கார்சிங்டனில் தெரிந்தது. இங்கிலாந்தின் டெர்பிஷயரில் கட்டிக்கொண்டிருந்த இந்த மண் அணையின் மேல்நீர்ப்பக்கச் சரிவு (தண்ணீர் தேங்கப்போகும் பக்கம்), வேலை முடியும் தறுவாயில், 1984 ஜூனில் சரிந்தது. தண்ணீர்கூட இன்னும் தேக்கவில்லை. களிமண்ணின் உச்ச வலிமையை (தளர்வதற்குமுன் அது தாங்கும் அதிகபட்சத்தை) வைத்துத் துண்டு முறையில் போட்டால் காரணி 1.4 வாக்கில் வருகிறது. பிறகு எப்படி விழுந்தது? அடித்தளத்தில் விட்டுவைத்த மஞ்சள் களிமண்ணில் பனியுகக் காலத்து வழுக்குத் தடங்கள் ஏற்கெனவே இருந்தன. அந்தக் களிமண் உச்சத்தைத் தாண்டியதும் வலிமையை இழக்கும் வகையும்கூட. ஓரிடம் தளர்ந்ததும் அதன் பாரம் பக்கத்து மண்ணில் ஏறும், அதுவும் தளரும். எல்லா இடமும் ஒரே நேரத்தில் உச்ச வலிமையோடு நிற்கும் என்று எடுத்துக்கொள்ளும் துண்டு முறைக்கு இந்தத் தொடர்வினை கண்ணில் படாது. வலிமை இழப்பையும் சேர்த்து 1990-இல் வெளிவந்த ஃபைனைட் எலிமென்ட் ஆய்வுதான் அதைப் படிப்படியாகக் காட்டியது.

ஆனால் அந்தத் தடங்கள் இருப்பது தெரிந்திருந்தால்தானே எந்த மென்பொருளிலும் அவற்றைக் கொடுக்க முடியும்? அதனால் என் வரிசை இது: முதலில் துளையிட்டு மண்ணை எடுத்துப் பார்ப்பது, அப்புறம் துண்டு முறை. உச்ச வலிமைக்கும், தளர்ந்த பிறகு மிஞ்சும் வலிமைக்கும் பெரிய இடைவெளி இருந்தால் மட்டும் ஃபைனைட் எலிமென்ட். அதிலும் வலையின் அளவை மாற்றி மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். இந்த மாதிரி மண்ணில் வலை மாறினால் விடையும் மாறும்.

பாறைமேல் மெல்லிய மண்போர்வை மழையில் உரிந்து வரும் சரிவுகளுக்கு இந்த இரண்டும் அதிகப்படி. ஒரே தாளில் முடியும் கணக்கு போதும். அங்கே கேள்வியெல்லாம் மண்ணுக்குள் நீர்மட்டம் எவ்வளவு ஏறியது என்பதுதான். அதற்குப் பீசோமீட்டர் (மண்ணுக்குள் நீரழுத்தத்தைக் காட்டும் கருவி) பதித்து அளக்க வேண்டும்.