திரும்பும்போது ஸ்லீப்பரில் வாருங்கள்

டொராண்டோவிலிருந்து இந்த முறை ஊருக்கு வந்தபோது, மலைக்கு அந்தப் பக்கம், கேரளப் புனலூரில் இருக்கும் பெரியம்மாவைப் பார்க்க ரயிலில்தான் போக வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். "காரில் போனால் மலை எங்கே தெரியுது?"

டிக்கெட்டை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது. முன்பு 120 நாள். கடைசி நேர டிக்கெட்டான தட்கலை நம்பி இருந்துவிடாதீர்கள். 2025 ஜூலையிலிருந்து இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோடு வருகிற நம்மில் பலரிடம் அது இருக்காது. அம்மாவுக்குத் தனி டிக்கெட்டாக, மூத்த குடிமக்கள் கோட்டாவில் போட்டேன். கீழ் பெர்த் கிடைத்துவிட்டது.

எழும்பூரில் மாலையில் கொல்லம் மெயில். இட்லி, மிளகாய்ப்பொடி, தூக்கம். செங்கோட்டை தாண்டும்போது இன்னும் இருட்டு. ஏசி பெட்டிக் கண்ணாடியில் அம்மா முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தும் மலை தெரியவில்லை. அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

நல்லவேளை, திரும்பும் வண்டி கொல்லத்தில் மதியம் கிளம்புகிறது. மலை முழுக்கப் பகலில் வரும். அதற்கு ஸ்லீப்பர் எடுத்திருந்தேன், ஜன்னலைத் திறந்துகொள்ளலாமே! புனலூரில் பின்னாலும் ஒரு எஞ்சின் மாட்டினார்கள். ஏற்றத்தில் பின்னாலிருந்து தள்ள அது வேண்டும். அப்புறம் செங்கோட்டை வரை 49 கிலோமீட்டரும் ஊர்ந்துதான் போகிறது. தென்மலை தாண்டியதும் ரப்பர் மரங்களின் ஈர வாசனை உள்ளே வந்தது. கழுதுருட்டிப் பக்கம் பதிமூன்று கண் பாலம், கருங்கல் தூண்கள், கீழே கொல்லம் சாலையில் பஸ். "ஆச்சி மடியில உட்கார்ந்து இதை எண்ணியிருக்கேன்," என்றார் அம்மா. 1904இல் ரயில் ஓடத் தொடங்கிய பாதை இது. 2010இல் மீட்டர்கேஜை நிறுத்தி, 2018இல் அகலப்பாதை திறக்கும்வரை பெரியம்மா வீட்டுக்கு எங்களுக்கு பஸ்தான்.

ஆரியங்காவு தாண்டி நீளமான குகை. சில்லென்ற காற்று, சக்கரச் சத்தம், பிள்ளைகளின் கூச்சல். அந்தப் பக்கம் வெளிச்சத்துக்கு வந்ததும் பகவதிபுரம். போனில் சிக்னல் வந்ததுமே அம்மா பெரியம்மாவைக் கூப்பிட்டார்.

"அக்கா, குகை தாண்டியாச்சு."