டில்லி ஹாட்டில் சாப்பிடப் போகிறீர்களா? மோமோவைக் கடைசிக்கு வையுங்கள்

டில்லியிலும் குருகிராமிலும் புதிதாகத் திறக்கிற மால்களில் இப்போது மேல்மாடியில் ஒரு ஃபுட் ஹால் கட்டாயம் இருக்கிறது. ஏசி, மஞ்சள் விளக்கு, க்யூஆர் கோடு மெனு, வரிசையாகக் கடைகள். பார்க்க அழகுதான், குறை சொல்லவில்லை. ஆனால் மூன்று கடையில் வாங்கிச் சாப்பிட்டால் மூன்றிலும் அதே சீஸும் அதே மயோனீஸும்தான் நாக்கில் நிற்கிறது. பல கடைகளை ஓரிடத்தில் கூட்டி வைப்பதே ஒவ்வொன்றும் வேறு வேறாக ருசிக்கட்டும் என்றுதானே? அந்தக் கணக்கில் பார்த்தால் இந்த ஊரின் சிறந்த ஃபுட் ஹால் எது என்று என்னைக் கேட்டால், பெரும்பகுதி கூரையே இல்லாமல் திறந்தவெளியில் கிடக்கிற ஐ.என்.ஏ. டில்லி ஹாட் என்கிற கைவினை, உணவுச் சந்தையைத்தான் சொல்வேன்.

பீதம்புராவிலும் (2008) ஜனக்புரியிலும் (2014) கூட டில்லி ஹாட் உண்டு. நான் சொல்வது 1994இல் திறந்த முதல் ஹாட்டை. மெட்ரோவில் மஞ்சள் லைனோ பிங்க் லைனோ பிடித்து ஐ.என்.ஏ. நிலையத்தில் இறங்கி மேலே வந்தால் வாசல் பக்கத்திலேயே இருக்கிறது. லக்ஷ்மிபாய் நகர் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களுக்கு இந்த இடத்துக்கு வழி சொல்லத் தேவையில்லை. எதிரிலேயே ஐ.என்.ஏ. மார்க்கெட், தேங்காயும் முருங்கைக்காயும் மீனும் வாங்க நம்மவர்கள் போகிற இடம். அப்படிப் போய் வருகிறவர்களில் பலர் சாலையைத் தாண்டி ஹாட்டுக்குள் வந்து சாப்பிட்டதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

கைவினைஞர்கள் இடைத்தரகர் இல்லாமல் நேராக விற்க நகரத்துக்குள் ஒரு கிராமச் சந்தை வேண்டும் என்று அரசியல்வாதியும் கைவினை ஆர்வலருமான ஜெயா ஜேட்லி முன்னின்று உருவாக்கியது இது. வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் பிரதீப் சச்தேவா. சாக்கடைக் கால்வாய் ஒன்றை மூடி, அதன்மேல் கிடைத்த நிலத்தில் இப்படியொரு இடத்தைச் செங்கல்லும் கல்தளமும் மரங்களுமாக எழுப்பியிருக்கிறார்கள். கைவினைக் கடைகள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும், சாப்பாட்டுக் கடைகள் மாநிலத்தின் பெயரில் நிலையாக இருக்கும். 2025 ஏப்ரல் 30 இரவு தீப்பிடித்து இங்கே பல கைவினைக் கடைகள் எரிந்து போயின. உயிரிழப்பு இல்லை, ஆனால் அந்த வியாபாரிகளின் சரக்கு அத்தனையும் போயிற்று. சாப்பிடப் போகிறவர்கள் அந்தப் பக்கமும் ஒரு நடை போய் முடிந்ததை வாங்கி வாருங்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். நாங்கள் நான்கு பேர். நான், என் மனைவி, ஆர்.கே.புரத்தில் இருக்கும் பெரியம்மா (சுத்த சைவம், பூண்டு மட்டும் பரவாயில்லை), அப்புறம் வேலை கிடைத்து மதுரையிலிருந்து புதிதாக வந்திருக்கும் சித்தப்பா பையன். ஒரு கடைக்கு ஒரு தட்டு, அதை நால்வரும் பகிர்வது என்று முன்னாலேயே முடிவு செய்துகொண்டுதான் போனோம். இங்கே இதுதான் முக்கியம். முதல் கடையிலேயே முழுத் தட்டுச் சாப்பாடு சொல்லிவிட்டால் கதை அதோடு முடிந்தது, வயிறு நிறைந்து வெளியே வந்துவிடுவீர்கள். கவுண்டரில் சொல்லி, காசு கட்டி, கூப்பிடும்போது போய் வாங்கிக்கொள்ள வேண்டும். மேசைகளில் எந்தக் கடைத் தட்டை வைத்துச் சாப்பிட்டாலும் எங்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பெரியம்மாவை ஒரு மேசையில் உட்கார வைத்துவிட்டு மற்ற மூவரும் மூன்று பக்கம் போனோம்.

பீகார் கடையில் லிட்டி சோக்கா. கோதுமை மாவு உருண்டைக்குள் சத்து, அதாவது வறுத்த கடலை மாவு, அதில் பூண்டு, ஓமம், ஊறுகாய் மசாலா, கொஞ்சம் கடுகெண்ணெய் சேர்த்துப் பிசைந்து அடைத்து, தணலில் சுட்டு, நெய்யில் முக்கித் தருகிறார்கள். கூட வருகிற சோக்கா என்பது சுட்டு மசித்த கத்தரிக்காய், தக்காளி, உருளைக்கிழங்கு. பெரியம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "இது நம்ம சுட்ட கத்தரிக்கா கொத்சுதாண்டா, புளி மட்டும் இல்லை" என்றார். அதன்பிறகு அந்தத் தட்டு எங்கள் பக்கம் வரவே இல்லை. கடுகெண்ணெய் வாசனை பழகாதவர்கள் முதலிலேயே சொல்லிவிட்டால் சோக்காவின் மேல் ஊற்றுவதைத் தவிர்த்துத் தருகிறார்கள், ஆனால் நான் அதை ஊற்றித்தான் சாப்பிடச் சொல்வேன். கடுகெண்ணெய் போனால் சோக்காவில் பாதி உயிர் போய்விடும்.

வங்காளக் கடை, பிஜோலி கிரில். கொல்கத்தாவில் பேர்பெற்ற கடையின் பெயர். இங்கே ஃபிஷ் ஃப்ரை வாங்காமல் வராதீர்கள். நம் ஊர் மாதிரி மிளகாய்த்தூள் தடவிப் பொரித்த மீன் இல்லை அது. பெட்கி என்கிற நம் கொடுவா மீனை முள் எடுத்து, அகலத் துண்டாக்கி, இஞ்சி பூண்டு பச்சைமிளகாயில் ஊற வைத்து, பிரெட் தூள் ஒட்டிப் பொரிப்பது. வெளியே மொறுமொறு, உள்ளே வெண்ணிறமாக இதழ் இதழாகப் பிரிகிறது. கசுந்தி என்கிற புளித்த கடுகு விழுதைத் தொட்டுக்கொண்டால் காரம் நாக்கில் ஏறாமல் மூக்கில் ஏறும். மீனே உலகம் என்று இருக்கும் என் மனைவி மதராஸ் வறுவலை விட்டுக்கொடுத்துப் பேசியது அன்றைக்குத்தான். பெரியம்மாவுக்கு லூச்சியும், ஆலூர் தம் என்கிற உருளைக்கிழங்குக் கறியும். லூச்சி மைதாவில் செய்வது, நம் பூரியைவிட மென்மை. நன்றாகத்தான் இருந்தது, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மகாராஷ்டிரக் கடையில் சாபுதானா வடை. ஜவ்வரிசி, வேர்க்கடலை, உருளைக்கிழங்கு, சூடாக இருக்கும்வரை பிரமாதம், ஆறினால் ரப்பர். வாங்கின இடத்திலேயே சாப்பிடுங்கள், மேசைக்குக் கொண்டு வரக்கூட வேண்டாம்.

இப்போது நாகாலாந்து. நான் இவ்வளவு எழுத உட்கார்ந்ததே இந்தக் கடைக்காக. புகையில் காயவைத்த பன்றி இறைச்சியை மூங்கில் குருத்தோடு சமைத்தது ஒன்று, அக்குனியோடு சமைத்தது ஒன்று. இரண்டும் வாங்கினோம். எண்ணெய் மிதக்கவில்லை, மசாலாப் பொடி எதுவும் இல்லை, வெங்காயம் தக்காளி வதக்கல் இல்லை. இறைச்சி, மூங்கில் குருத்தின் புளிப்பு, மிளகாய், புகை, அவ்வளவுதான். வடக்கே எந்த உணவகத்துக்குப் போனாலும் ஒரே கிரேவியில் நீந்துகிற நாக்குக்கு இந்தத் தெளிவு பெரிய விடுதலை. அக்குனி என்பது புளிக்க வைத்த சோயா பீன்ஸ், சுமி நாகர்கள் வீடுகளில் அன்றாடம் புழங்குவது. மணம் கடுமையானது, உண்மைதான். ஆனால் வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதிக்கும்போது ஓடிவந்து தட்டு வைக்கிற நாம் இதற்கு மூக்கைப் பொத்தினால் நியாயமில்லை.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2007இல் டில்லி காவல்துறை வடகிழக்கிலிருந்து வரும் மாணவர்களுக்கென்று ஒரு கையேடு வெளியிட்டது. மூங்கில் குருத்து, அக்குனி முதலிய மணமுள்ள பண்டங்களை அக்கம்பக்கத்தில் ரகளை வராதபடி சமைத்துக்கொள்ளுங்கள் என்று அதில் அறிவுரை. எதைச் சாப்பிடுகிறாய் என்று கேட்டு வாடகை வீடு கொடுக்கிற நகரம் இது, அந்தக் கேள்வி நம்மில் மீன் சமைப்பவர்களுக்கும் வந்ததுதான். ரகளை வராதபடி சமைக்கச் சொன்ன அதே பண்டத்தை, நகரத்தின் நடுவில், அரசு நடத்துகிற ஒரு இடத்தில், பெயர்ப்பலகை போட்டு விற்கிறார்கள், எல்லோரும் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். எந்த மாலின் ஃபுட் ஹாலாலும் எனக்குத் தர முடியாத மகிழ்ச்சி அது. பக்கத்து மேசையில் நாகாலாந்துப் பிள்ளைகள் கூட்டமாக உட்கார்ந்து சோறு வாங்கி வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு மாநிலக் கடை நல்ல கடையா என்று தெரிய அந்த மாநிலத்துக்காரர்கள் அங்கே சாப்பிடுகிறார்களா என்று பார்த்தாலே போதும்.

ஒரு எச்சரிக்கை. தொட்டுக்கொள்ள ஒரு சட்னி தருவார்கள், அதில் ராஜா மிளகாய் இருக்கும். பூத் ஜொலோக்கியாவும் இதே இனம்தான், 2007இல் உலகிலேயே காரமானது என்று கின்னஸில் ஏறியது. "மதுரைக்காரனுக்கு என்னண்ணே காரம்" என்று சித்தப்பா பையன் ஒரு கரண்டி எடுத்தான். நான் தடுத்து நுனிவிரலில் தொடச் சொன்னேன். அந்த அளவுக்கே கண்ணில் நீர் வந்துவிட்டது. இந்தக் கடையைச் சுற்றின் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பிறகு எதுவும் ருசிக்காது. பன்றி சாப்பிடாதவர்களுக்குக் கோழியும் உண்டு.

நாக்கை ஆற்ற வங்காளக் கடையின் மிஷ்டி தோய் என்கிற இனிப்புத் தயிர், அதன்பின் காஷ்மீர் கடையில் கஹ்வா. பச்சைத் தேயிலை, குங்குமப்பூ, ஏலக்காய், பட்டை, மேலே சீவிய பாதாம். பால் இல்லை. பெரியம்மா அங்கே நத்ரு யக்னி இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார், தாமரைத் தண்டைத் தயிரில் சமைப்பது. அன்றைக்கு இல்லை. இருந்தால் வாங்குங்கள், சைவக்காரர்களுக்குக் காஷ்மீர்ச் சமையலில் கிடைக்கிற அருமையான பண்டம். இந்த இடத்தில் எல்லார் கையிலும் இருக்கும் 'ஃப்ரூட் பீர்' பற்றிப் பெற்றோர் பயப்பட வேண்டாம், மது இல்லை, இனிப்புச் சோடாதான். எனக்கு இனிப்பு அதிகம்.

இனி என் குறை. எந்த மாநிலத்தின் கடை என்றாலும் பலகையின் பாதியில் மோமோ (பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்த கொழுக்கட்டை மாதிரி), சௌமின் நூடுல்ஸ், பன்னீர். மோமோ மேல் எனக்குப் பகை இல்லை, சிக்கிம், அருணாசலக் கடைகளில் சாப்பிட்டால் அருமை. ஆனால் மலைக்கும் மோமோவுக்கும் சம்பந்தமில்லாத மாநிலத்தின் கடையில் எதற்கு? கேட்கிறார்கள், விற்கிறோம் என்பார்கள். வாடிக்கையாளர் அதையே கேட்கக் கேட்க அந்த ஊர்ச் சமையல் பலகையின் அடியில் போய்விடுகிறது, பிறகு ஒருநாள் பலகையை விட்டே போய்விடும். கடையை ஒதுக்கிக் கொடுப்பவர்கள் பலகையில் முக்கால்வாசி சொந்த மாநிலத்துப் பண்டமாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை நாம் செய்யக்கூடியது, கவுண்டரில் மெனுவைப் பார்க்காமல் "உங்க ஊர்ச் சாப்பாடு எது, இன்னிக்கு எது புதுசா செஞ்சீங்க" என்று கேட்பது. ஹிந்தி சுமாராக இருந்தாலும் போதும். ஒரு கடையில் ஆறிப்போன பருப்பைச் சூடாக்கிக் கொடுத்தார்கள், அங்கே இந்தக் கேள்வியைக் கேட்காமல் பலகையைப் பார்த்துச் சொல்லியிருந்தோம். கேட்ட கடைகளில் எல்லாம், மெனுப் பலகையில் இல்லாத ஒன்றையாவது காட்டினார்கள்.

நால்வர் வயிறு நிறைய, 2,000 ரூபாய்க்குச் சற்று மேல் ஆனது. நுழைவுச் சீட்டு தனி, சிறு தொகைதான். சனி ஞாயிறு மாலையில் உட்கார இடம் கிடைக்காது, வேலை நாளில் ஐந்து மணிக்குள் போய்விடுங்கள். மே, ஜூனில் பகலில் வேண்டவே வேண்டாம், திறந்தவெளி. நவம்பர் முதல் பிப்ரவரி வரை சரியான காலம், காற்று மாசு மோசமான நாட்களை மட்டும் விட்டுவிட்டு. வயதானவர்களோடு போனால் கல்தளம் ஏற்ற இறக்கமாக இருப்பதைக் கவனியுங்கள், பெரியம்மாவைக் கைபிடித்துத்தான் நடத்தினோம். காரில் போகாதீர்கள், மெட்ரோவே நல்லது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்க வேண்டியது இருந்தால் அதைச் சாப்பிட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள், மீன் பையோடு மேசை தேடி அலைய வேண்டாம்.