நெடுங்கல் வரிசையை அளக்க எது சரி: திசைகாட்டியா, ஜிபிஎஸ்ஸா, தியோடலைட்டா?

ஸ்காட்லாந்தின் கின்டயர் தீபகற்பத்தில், பாலக்ராய் என்ற இடத்தில் மூன்று நெடுங்கற்கள் (பழங்காலத்தில் செங்குத்தாக நட்ட பெரிய கற்கள்) ஒரே வரிசையில் நிற்கின்றன. வரிசையின் நீளம் சுமார் 5 மீட்டர்தான். நடுக்கல்லின் தட்டையான முகத்தை ஒட்டிப் பார்த்தால், கடலுக்கு அப்பால் சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் ஜுரா தீவின் மலைகள் தெரியும். கோடையின் மிக நீண்ட பகலில் சூரியன் அங்கே மறையும் என்றார் ஆக்ஸ்ஃபோர்டு பொறியியல் பேராசிரியர் அலெக்சாண்டர் தாம். இதைச் சரிபார்க்க எந்தக் கருவி உதவும்?

திசைகாட்டி மலிவானது, சட்டைப்பையில் அடங்கும். ஆனால் கவனமாகப் பிடித்தாலும் 1 பாகை வரை பிழை வரும். இரும்புச்சத்துள்ள பாறை அருகில் இருந்தால் முள் இன்னும் விலகும். வரிசையின் இரு முனைகளிலிருந்தும் அளந்து, இரண்டுக்கும் 180 பாகை வேறுபாடு இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். காந்த வடக்கும் ஓரிடத்தில் நிற்பதில்லை: 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் முள் உண்மையான வடக்கிலிருந்து 24 பாகை மேற்கே விலகி நின்றது. அளந்த ஆண்டைக் குறிக்காத பழைய அளவுகளை நான் ஏற்கமாட்டேன்.

கையடக்க ஜிபிஎஸ் இங்கே உதவாது. 5 மீட்டர் வரிசையில் அதன் பிழையே சில மீட்டர்.

செயற்கைக்கோள் படம் பிரான்சின் கார்னாக் போல ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் வரிசைகளுக்கு அருமையானது. ஆனால் மேலிருந்து எடுத்த படத்தில் அடிவானத்தின் உயரம் தெரியாது. பாலக்ராய் இருக்கும் அட்சரேகையில் மலைமுகடு 1 பாகை உயர்ந்தால், கோடைச் சூரியன் மறையும் திசை சுமார் 2 பாகை மாறிவிடும். கர்நாடகத்தின் விபூதிஹள்ளி கல்வரிசைகளில் இதே மாற்றம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பாகைதான். அங்கே படத்தை வைத்து ஓரளவு பேசலாம், ஸ்காட்லாந்தில் கூடாது.

தியோடலைட், அதாவது தொலைநோக்கி பொருத்திய கோணமளக்கும் கருவி, திசையையும் அடிவான உயரத்தையும் சேர்த்தே தருகிறது. வடக்கைச் சூரியனிடமிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம் (வடிகட்டி இல்லாமல் தொலைநோக்கியில் சூரியனைப் பார்க்கவே கூடாது). இதற்கு நேரம் துல்லியமாகத் தெரிய வேண்டும்: கடிகாரம் 4 விநாடி தவறினால் பிழை ஏறக்குறைய 1 கலை, அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு. இந்த நுட்பம் ஆடம்பரமில்லை. பூமியின் அச்சுச்சாய்வு மாறியதால், சுமார் 4,000 ஆண்டுகளில் அந்தக் கோடைச் சூரியன் மறையும் இடம் ஏறத்தாழ 1 பாகை நகர்ந்திருக்கிறது. திசைகாட்டியின் பிழையும் அதே அளவு! கற்களை நட்ட காலத்துச் சூரியனையும் இன்றைய சூரியனையும் திசைகாட்டியால் பிரித்தறிய முடியாது.

ஆனாலும் கல்லின் முகம் கரடுமுரடானது. குறிவைக்கும் புள்ளி 10 சென்டிமீட்டர் விலகினால், 5 மீட்டர் வரிசையில் 1 பாகைக்கு மேல் மாறும். அதனால் தியோடலைட்டின் நுட்பத்தைத் தொலைதூர மலைமுகட்டுக்கே செலவிட வேண்டும், கல்வரிசைக்கு அல்ல.

ஒரே கருவிக்குத்தான் பணம் உண்டென்றால் பழைய தியோடலைட்டை வாங்குங்கள். கூடவே அந்த இடத்தின் பழைய ஓவியங்களையும் தேடுங்கள். வரிசையின் நீளவாக்கில் காரா தீவை நோக்கினால் குளிர்காலச் சூரியன் மறைவது தெரியும் என்பது தாமின் மற்றொரு வாதம். வேல்ஸைச் சேர்ந்த பழம்பொருள் ஆய்வாளர் எட்வர்ட் லூயிட் 1700ஐ ஒட்டி வரைந்த படத்திலோ, அந்தப் பார்வைக்கோட்டின் நடுவே பெரிய கற்குவியல் ஒன்று நிற்கிறது.