ரீபாண்டிங்கை நிறுத்தி 31 மாதங்கள்: என் முடி என்ன வகை என்று கண்டுபிடித்த அனுபவம்

17 வயதில் முதல் ரீபாண்டிங், அதாவது ரசாயன க்ரீம் போட்டு முடியை நேராக்குவது. 26 வயதில் கடைசி. இந்த 9 வருடங்களில் வேரில் முளைத்து வந்ததை எல்லாம் ஏழெட்டு மாதத்துக்கு ஒருமுறை நேராக்கிவிட்டேன். நடுவில் இரண்டு தடவை கெரட்டின் ஸ்மூத்தனிங் (சில மாதங்களுக்கு முடியை வழவழப்பாக்குவது), ஒரு தடவை ப்ளீச் போட்டுக் கலரிங். கடைசித் தடவை உச்சந்தலையில் புண் வந்தது, அதோடு நிறுத்தினேன். அப்புறம்தான் ஒன்று உறைத்தது: 17 வயதுக்குப் பிறகு என் சொந்த முடி எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததே இல்லை. கோரையா, அலையா, சுருட்டையா என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

அந்தப் பதில் கிடைக்க இரண்டு வருடம் ஆனது. அதற்குள் இரண்டு தடவை தப்பாக முடிவுசெய்து, தப்பான பொருள்களை வாங்கினேன். இதே நிலையில் இருப்பவர்களுக்கு அந்த இரண்டு தப்புகளும் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ரீபாண்டிங் செய்த முடி திரும்பப் பழைய மாதிரி ஆகாது. முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது, அதற்குள் கந்தகப் பிணைப்புகள் இருக்கின்றன. முடியின் வடிவத்தை, சுருளோ நேரோ, பெரும்பாலும் பிடித்துவைத்திருப்பவை அவைதான். ரீபாண்டிங் க்ரீமில் இருக்கும் தயோகிளைகோலேட் அந்தப் பிணைப்புகளை உடைக்கிறது, அயர்ன் வைத்து முடியை நேராக இழுக்கிறார்கள், பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு அதே நேர் நிலையில் பிணைப்புகளைத் திரும்பப் பூட்டிவிடுகிறது. தோலுக்கு வெளியே இருக்கும் முடித்தண்டு உயிரில்லாதது, அது தன்னைத் தானே சரிசெய்துகொள்ள முடியாது. மயிர்க்காலிலிருந்து புதிதாக வருவது மட்டுமே உங்கள் முடி. அது மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும். அவ்வளவு மெதுவான வேலை இது. கெரட்டின் ஸ்மூத்தனிங் மட்டும் செய்தவர்களுக்குக் காத்திருப்பு குறைவு, சில மாதங்களில் அது கழுவக் கழுவக் குறைந்துவிடும். ஆனால் அதற்கு வைக்கும் அயர்ன் சூடு 200 டிகிரியைத் தாண்டுவதால், அந்தச் சூட்டின் பாதிப்பு முடியிலேயே தங்கிவிடலாம்.

முதல் தப்பு நாலாவது மாதத்தில் நடந்தது. வேரில் 4 செ.மீ. வளர்ந்திருந்தது. வளைவே தெரியவில்லை, பரட்டையாகப் பொசுபொசுவென்று நின்றது. "கோரை முடிதான், கொஞ்சம் பரட்டை" என்று முடிவுகட்டி, பரட்டையை அடக்கும் கனமான சிலிக்கோன் சீரம் வாங்கித் தினமும் தடவினேன். ஒரு அலை முழுதாக ஒருமுறை வளைந்து திரும்பவே சில செ.மீ. நீளம் வேண்டும். அந்த 4 செ.மீ.க்குக் கீழே முதுகுவரை தொங்கிய பழைய முடியின் எடை வேரை இழுத்துக்கொண்டிருந்தது. போதாததற்கு என் சீரமும் சேர்ந்து அமுக்கியது. நாலு மாத முடியை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். குறைந்தது 8, 10 செ.மீ. வரட்டும்.

எட்டாவது மாதத்தில் தங்கைதான் கண்டுபிடித்தாள். சிக்கெடுத்துக்கொண்டிருந்தவள், "அக்கா, பிடரில பாரு, சுருள் சுருளா இருக்கு" என்றாள். போட்டோ எடுத்துக் காட்டினாள். காதுக்குப் பின்னால் விரலில் சுற்றிவிட்ட மாதிரி சின்னச் சின்ன வளையங்கள். ஒரே தலையில் பிடரி ஒரு மாதிரியும் உச்சி ஒரு மாதிரியும் இருப்பது சாதாரணம், கண்ணாடியில் முன்பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது தெரியவில்லை. அதன் பிறகு மாதம் ஒருமுறை அவளே பின்பக்கம், இரண்டு பக்கம், உச்சி என்று நாலு படம் எடுத்தாள். இந்த 31 மாதங்களில் நான் செய்ததிலேயே அதிகம் பயன்பட்டது இதுதான்.

ஒன்பதாவது மாதத்திலிருந்து முடி கொத்துக் கொத்தாக வந்தது. பயந்துபோனேன். உதிர்கிறதா, உடைகிறதா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிறகுதான் நிம்மதி. தானாக உதிர்ந்த முடியின் ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருக்கும். என் சீப்பில் இருந்தவற்றில் பெரும்பாலானவற்றில் அது இல்லை. புது முடியும் பழைய முடியும் சேரும் இடம் மிகவும் பலவீனமானது, அங்கேயே உடைந்துகொண்டிருந்தது. கண்டிஷனர் தடவிய ஈர முடியில், அகலப் பல் சீப்பால், நுனியிலிருந்து மேலே ஏறிச் சிக்கெடுத்தபோது உடைவது நன்றாகக் குறைந்தது. உங்களுக்கு உதிர்கிற முடியில் குமிழ் இருந்து, அளவும் அதிகமாக இருந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள். அது வேறு பிரச்சினை.

இரண்டாவது தப்பு, தண்ணீர் டம்ளர் சோதனை. ஒரு முடியைத் தண்ணீரில் போட்டு, மிதந்தால் ஈரத்தை எளிதில் உள்ளே விடாத முடி, மூழ்கினால் உறிஞ்சும் முடி என்பார்கள். என்னுடையது உடனே மூழ்கியது. உறிஞ்சும் முடி என்று நம்பி, தலை முழுக்கக் கெட்டியான வெண்ணெய் மாதிரி க்ரீம்களைப் பூசினேன். வேர்ப்பகுதி பிசுபிசுத்துத் தொங்கியது. நான் டம்ளரில் போட்டது நுனி வெட்டிய துண்டு, அதாவது ப்ளீச் பட்ட பகுதி! ப்ளீச் முடியின் மேல் செதில்களைத் தூக்கிவிடும், அதனால் அது தண்ணீரைக் குடிக்கும். அதே முடியின் வேர்ப்பக்கத்தில் தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருண்டது. ஒரே இழைக்குள் இரண்டு குணம். மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயும் சீரமும்கூட மிதப்பதை மாற்றிவிடும் என்பதால் அந்தச் சோதனையை நான் இப்போது நம்புவதில்லை.

பதினாலாவது மாதத்தில் சரியான முறையைப் பிடித்தேன். படிந்திருப்பதை எல்லாம் எடுக்கும் கிளாரிஃபையிங் ஷாம்பூவால் அலசினேன், லேசாகக் கண்டிஷனர் போட்டு முழுக்கக் கழுவினேன். சீரம், ஜெல், க்ரீம் எதுவும் இல்லை. பழைய டி-ஷர்ட்டால் ஒற்றிவிட்டு, காயும்வரை கையே வைக்கவில்லை. காய்ந்ததும் வேர்ப்பக்கத்து 14 செ.மீ.யை மட்டும் பார்த்தேன். உச்சியில் எஸ் வடிவ அலை, பக்கங்களில் அழுத்தமான அலை, பிடரியில் சுருள். நெற்றியோரம் மட்டும் கோரை.

நெற்றியோரம் ஏன் அப்படி என்பதற்குக் காரணம் நான்தான். புது முடியும் பழைய முடியும் ஒன்றுபோலத் தெரிய வேண்டும் என்று முன் முடியை மட்டும் வாரத்துக்கு மூன்று நாள் அயர்ன் செய்துவந்தேன். சூடும் வளைவைக் கெடுக்கும். அயர்னை நிறுத்தி, அந்தப் பகுதி புதிதாக வளர்ந்தபோது அதுவும் அலையாகத்தான் வந்தது.

22ஆவது மாதத்தில் மிச்சமிருந்த ரீபாண்டிங் முடியை வெட்டிவிட்டேன். வெட்டிய அன்றே பக்கங்களில் இருந்த அலை இன்னும் ஒரு சுற்று சுருண்டு மேலே ஏறியது. இழுத்துக்கொண்டிருந்த எடை போய்விட்டது அல்லவா. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேயின் சிகை அலங்காரக் கலைஞராக இருந்த ஆண்ட்ரே வாக்கர் பிரபலப்படுத்திய வகைப்பாட்டில் 1 கோரை, 2 அலை, 3 சுருட்டை, 4 நெருக்கமான சுருள். எண்ணோடு வரும் எழுத்து ஏ, பி, சி என்று போகப் போக வளைவு அழுத்தமாகும். அதன்படி என் உச்சி 2பி, பக்கங்கள் 2சி, பிடரி 3ஏ. வெட்டுவதற்கு முன்பு பக்கங்களை 2பி என்றுதான் குறித்து வைத்திருந்தேன்.

அந்த எண் தெரிந்ததில் அவ்வளவு சந்தோஷம். ஆனால் பொருள் வாங்கும்போது எனக்கு அதிகம் உதவியது இழையின் கனம்தான். ஒரு முடியை இரண்டு விரல்களுக்கு நடுவில் உருட்டினால் எனக்கு ஒன்றுமே தட்டுப்படாது, அவ்வளவு மெல்லிசு. தங்கைக்கும் 2சிதான், ஆனால் அவள் முடி தையல் நூல் மாதிரி தட்டுப்படும். அவள் கைநிறைய எடுத்துப் பூசும் க்ரீம் என் தலையில் பட்டால் அலை படுத்துவிடும். அடர்த்தி என்பது தலையில் எத்தனை முடி இருக்கிறது என்பது, இழையின் கனம் வேறு. நான் ரொம்ப நாள் இரண்டையும் ஒன்று என்று நினைத்து, "எனக்கு அடர்த்தி, அதனால் கனமான க்ரீம்" என்று வாங்கிக்கொண்டிருந்தேன்.

சின்ன வயதுப் படங்களைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆறு வயதுப் படத்தில் எனக்குத் தெளிவான கோரை முடி. பருவமடையும்போது ஹார்மோன் மாற்றத்தால் முடி மாறலாம் என்பதால் அந்தப் படத்தை நம்பிப் பயனில்லை. 15 வயதுப் படம் ஒன்று இருக்கிறது. இரட்டைச் சடை, நெற்றியைச் சுற்றி குட்டி முடிகள், சடையின் நுனி இரண்டும் கொக்கி மாதிரி மேலே வளைந்திருக்கிறது. அன்றைக்கே யாராவது அதைக் கவனித்திருக்கலாம்.

இப்போது 31 மாதம். வாரத்துக்கு இரண்டு தடவை சல்ஃபேட் இல்லாத ஷாம்பூ, மாதம் ஒருமுறை கிளாரிஃபையிங், ஈரத்தோடு கொஞ்சம் ஜெல், அவ்வளவுதான். முடி நீளமாகி எடை கூடியதில் உச்சியில் அலை லேசாகத் தளர்ந்திருக்கிறது. தங்கை இன்னமும் மாதா மாதம் நாலு படம் எடுக்கிறாள்.