டிஎம்எஸ்ஓவா, டிஎம்எஃப்பா?

ரசாயன லேபில் ரியாக்‌ஷன் செய்ய நாங்கள் அடிக்கடி எடுக்கும் இரண்டு கரைப்பான்கள் டிஎம்எஸ்ஓவும் (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) டிஎம்எஃப்பும் (டைமெத்தில் ஃபார்மமைடு). சென்னை லேபில் இருந்த நாலு வருஷத்தில் டிஎம்எஸ்ஓ உறைந்து நான் பார்த்ததே இல்லை. பெங்களூரு பக்கம் பொம்மசந்திரா லேபுக்கு வந்த முதல் மார்கழியில், ஜூனியர் பையன் பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்தபடி வந்து நின்றான். "அண்ணா, ஒரு சொட்டுகூட விழமாட்டேங்குது." அதன் உருகுநிலை 18.5 டிகிரி. பெங்களூரு ராத்திரிக்கு அது பெரிய விஷயமா? வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தோம், இளகிவிட்டது. டிஎம்எஃப்புக்கு இந்தத் தொல்லை கிடையாது. மைனஸ் 61 வரை திரவம்தான். ஐஸ் பாத்தில் செய்யும் ரியாக்‌ஷனுக்கு நான் யோசிக்காமல் அதைத்தான் எடுப்பேன்.

சூடாக்க வேண்டியதென்றால் கதை மாறும். குளோரைடை சயனைடாக மாற்றும் வேலையில் டிஎம்எஸ்ஓவின் வேகமே தனி. அது சோடியம் சயனைடில் உள்ள சோடியத்தைச் சுற்றி வளைத்துக்கொள்ளும், சயனைடு அயனி தனியாக நின்று தாக்கும். ஆனால் கொதிநிலை 189 என்று பாட்டிலில் போட்டிருப்பதை நம்பி அதுவரை ஏற்றிவிடக் கூடாது. அந்தச் சூட்டில் டிஎம்எஸ்ஓ தானே சிதைய ஆரம்பிக்கும். அமிலம் கலந்திருந்தால் இன்னும் முன்னாலேயே. டிஎம்எஃப் 153-ல் கொதிக்கும். பழைய பாட்டிலைத் திறந்ததும் மீன் கவிச்சி அடித்தால், டைமெத்தில் அமீன் பிரிந்துவிட்டது என்று அர்த்தம்.

வொர்க்கப்பில், அதாவது ரியாக்‌ஷன் முடிந்து பொருளைப் பிரித்தெடுக்கும்போது, இரண்டுமே உயிரை வாங்கும். தண்ணீர் ஊற்றி, எத்தில் அசிடேட்டில் எடுத்து, உப்புத் தண்ணீரில் மூன்று நான்கு தடவை கழுவியாக வேண்டும். சோம்பல்பட்டால் குளோரோஃபார்மில் கரைத்து எடுக்கும் என்எம்ஆரில் (பொருளில் என்ன இருக்கிறது என்று காட்டும் நிறமாலை) 2.6 பக்கம் டிஎம்எஸ்ஓ பல்லிளிக்கும். டிஎம்எஃப்பையாவது ரோட்டாவில் (வெற்றிடத்தில் கரைப்பானை ஆவியாக்கும் கருவி) கொஞ்சம் இழுத்துவிடலாம்.

இனி நஞ்சு. மருந்தில் தங்கும் கரைப்பான் எச்சத்துக்கு ஐசிஎச் என்ற சர்வதேச மருந்துத் தர அமைப்பு வைத்திருக்கும் வரம்பில் டிஎம்எஃப் இரண்டாம் வகுப்பு (கட்டுப்படுத்த வேண்டியது), 880 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 880 பங்கு. டிஎம்எஸ்ஓ மூன்றாம் வகுப்பு (நஞ்சு குறைவு), 5000 பிபிஎம். டிஎம்எஃப் கல்லீரலைக் கெடுக்கும், கருவையும் பாதிக்கும். தொட்டவர்கள் அன்று சாயங்காலம் மது குடித்தால் முகம் சிவந்து போவதும் உண்டு. மெல்லிய நைட்ரைல் கையுறையைச் சில நிமிடத்தில் கடந்துவிடும். இரண்டுக்கும் பியூட்டைல் ரப்பர்தான் சரி.

இந்த எண்களைப் பார்த்துத்தான் பலர் டிஎம்எஸ்ஓவைத் தண்ணீர் மாதிரி கையாளுகிறார்கள். எனக்கு அதில்தான் பயம். தோல் வழியே சட்டென்று உள்ளே போகும், கரைந்திருப்பதையும் கூடவே கூட்டிப்போகும். சும்மா டிஎம்எஸ்ஓ கையில் பட்டால் மூச்சில் பூண்டு வாடை வரும், அவ்வளவுதான். உடம்பு அதை டைமெத்தில் சல்ஃபைடாக மாற்றி வெளியே விடுகிறது. மேலே சொன்ன சயனைடு கரைசல் பட்டால் பூண்டு வாடையைப் பற்றிக் கவலைப்பட ஆள் இருக்காது. அந்த வேலைக்கு எங்கள் பெஞ்சில் இரட்டைக் கையுறை, மேலே பியூட்டைல், பக்கத்தில் இன்னொருவர் நிற்க வேண்டும்.

ஆசிட் குளோரைடை நேராக டிஎம்எஸ்ஓவில் ஊற்றினால் பொங்கி அடிக்கும். டிஎம்எஸ்ஓவையும் ஆசிட் குளோரைடையும் சேர்த்து ஆல்கஹாலை ஆக்சிஜனேற்றும் ஸ்வெர்ன் முறையை டைகுளோரோமீத்தேனில் மைனஸ் 78-ல் செய்வது அதனால்தான். சோடியம் ஹைட்ரைடு என்ற வீரியமான காரம் போடுவதென்றால் எனக்கு இரண்டும் வேண்டாம். ரெண்டிலுமே சூடு கைமீறி வெடித்த கதைகள் ரசாயன இதழ்களில் இருக்கின்றன. நான் டிஎச்எஃப் (டெட்ராஹைட்ரோஃபியூரான்) என்ற வேறு கரைப்பான் பாட்டிலை எடுத்துக்கொள்வேன்.